உதவித்தொகை எங்கே நிற்கிறது? அறிகுறியைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

காரைக்குடி வட்டாரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில், உதவித்தொகைப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டுத் திண்ணைக்கு யாராவது ஒரு பிள்ளை பாஸ்புக்கோடு வந்துகொண்டுதான் இருக்கிறது. எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "ஸ்காலர்ஷிப் வரலைம்மா." ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குள் பத்துப் பன்னிரண்டு வேறு வேறு சிக்கல்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு வங்கிக்குப் போக வேண்டும், இன்னொன்றுக்குத் தாலுகா ஆபீஸ், மற்றொன்றுக்கு எங்கேயும் போகாமல் வீட்டில் இருந்தாலே போதும். எது என்று தெரியாமல் மாவட்ட அலுவலகத்தைத் தேடிச் சிவகங்கைக்குப் பஸ் ஏறுகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. ஒருநாள் வகுப்பும் போகிறது, அப்பாவின் ஒருநாள் கூலியும் போகிறது.

நம் பக்கத்தில் ஊருணி நிறையவில்லை என்றால் பெரியவர்கள் கரையில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். வரத்துக்கால் வழியே நடந்துபோய், எங்கே மண் மூடியிருக்கிறது என்று பார்ப்பார்கள். உதவித்தொகைக்கும் ஒரு வரத்துக்கால் உண்டு. முதலில் அது எந்த வழியாக வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கல்லூரியில் சேர்ந்ததும் யுமிஸ் என்ற கல்லூரி மாணவர் பதிவுத் தளத்தில் உங்கள் பெயர் ஏறும். பள்ளியில் எமிஸ் எண் இருந்ததுபோலக் கல்லூரியில் யுமிஸ் எண். மாநில அரசின் உதவித்தொகைகளுக்கு அதன் வழியாகத்தான் விண்ணப்பம். கல்லூரி அலுவலகம் அதைச் சரிபார்த்து மேலே அனுப்பும். மாவட்டத்தில் ஆதிதிராவிடர் நல அலுவலகமோ பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலகமோ அதை அனுமதிக்கும். பிறகு துறை பட்டியல் போட்டு, கருவூலம் பணத்தை விடுவிக்கும். கடைசியாக, உங்கள் ஆதார் எண் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று பார்த்து அந்த வங்கிக்குப் பணம் போகும். ஒன்றிய அரசின் சில திட்டங்களுக்குத் தேசிய உதவித்தொகைத் தளம் என்று வேறொரு வாசல் உண்டு. வாசல் வேறானாலும் கடைசிக் கட்டம் அதே வங்கிதான்.

இனி, நீங்கள் காணும் அறிகுறிக்கு வாருங்கள். உங்களுக்குப் பொருந்துவதை மட்டும் படித்தால் போதும். மூன்றாவதை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

1. "தளமே என்னை ஏற்கமாட்டேன் என்கிறது"

பெயர் பொருந்தவில்லை என்று வந்தால், பெரும்பாலும் இன்ஷியல்தான் காரணம். மதிப்பெண் பட்டியலில் இன்ஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும். சில பிள்ளைகளுக்கு ஆதாரில் அப்பா பெயர் முழுதாக ஒட்டிக்கொண்டிருக்கும். இன்னும் சிலருக்குக் குலதெய்வத்தின் பெயர் ஒன்றில் இருக்கும், மற்றதில் இருக்காது. இதில் எதைத் திருத்துவது என்று கேட்பார்கள். ஆதாரைத்தான் திருத்த வேண்டும். மதிப்பெண் பட்டியலில் கை வைப்பது நீண்ட வேலை. வாழ்நாளில் ஆதாரில் பெயரை இரண்டு தடவைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரு தடவைதான். அதனால் பத்தாம் வகுப்புப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து அதேபோல் மாற்றச் சொல்லுங்கள். அவசரத்தில் சொல்லி, ஒரு எழுத்து தப்பாகி, மறுபடி வந்து நின்ற பிள்ளைகள் உண்டு.

கைரேகை ஏற்கவில்லை என்றால் வேறு காரணம். சின்ன வயதில் எடுத்த ஆதாருக்கு 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகை, கண் பதிவை மறுபடி கொடுக்க வேண்டும். 15 வயதில் கொடுக்காமல் விட்ட பிள்ளைக்குக் கல்லூரி சேரும்போது விரல் பொருந்தாது. ஆதார் மையத்தில் புதுப்பித்தால் சரியாகிவிடும். ஓடிபி வரவில்லை என்றால், ஆதாரில் இருப்பது யாருடைய கைப்பேசி எண் என்று பாருங்கள். வெளிநாட்டில் இருக்கிற மாமாவின் பழைய எண்ணாக இருந்ததை நானே இரண்டு வீட்டில் பார்த்திருக்கிறேன்.

2. "விண்ணப்பித்து மாதமாகிறது, கல்லூரியிலேயே நிற்கிறது"

நிலை என்ற இடத்தில் கல்லூரிச் சரிபார்ப்பு என்று இருந்தால், மாவட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டாம். உங்கள் கோப்பு இன்னும் அங்கே போகவே இல்லை. கல்லூரியில் இதற்கென்று ஒரு பொறுப்பு அலுவலர் இருப்பார், அவரைப் பாருங்கள். பெரும்பாலும் வருமானச் சான்று பழையதாக இருக்கும், அல்லது ஏற்றிய படம் மங்கலாக இருக்கும்.

வருமானச் சான்றைப் பற்றி ஒரு விஷயம். பட்டியலினத்தவருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு, அதாவது பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான உதவித்தொகைக்கு, பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம். புதுவயல் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவருக்கும், ஆத்தங்குடியில் கல் அச்சடிக்கிறவருக்கும், கண்டாங்கி நெய்கிறவருக்கும் சம்பளச் சீட்டு கிடையாது. அதனால் கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து எழுதுவதுதான் கணக்கு. அவர் கேட்கும்போது பயத்தில் கூட்டியோ குறைத்தோ சொல்லாமல், உள்ளதைச் சொல்லுங்கள். சாதிச் சான்று ஒரு முறை வாங்கினால் போதும், வருமானச் சான்றை அவ்வப்போது புதிதாக வாங்க வேண்டும். அதனால் கல்லூரி திறக்கும் முன்பே, மே மாதத்திலேயே இ-சேவை மையத்தில் போட்டுவிடுங்கள். ஜூன், ஜூலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் போடுவதால் அங்கே வரிசை நீண்டுவிடும்.

நம் செட்டிநாடு இரண்டு மாவட்டத்தில் கிடப்பதால் வருகிற குழப்பம் ஒன்று உண்டு. ராயவரத்துப் பிள்ளை காரைக்குடியில் படிக்கிறது. வீடு திருமயம் வட்டம், புதுக்கோட்டை மாவட்டம். கல்லூரி சிவகங்கை மாவட்டம். சான்றிதழ் எல்லாம் வீடு இருக்கிற பக்கம் வாங்க வேண்டும், உதவித்தொகைக் கோப்பு கல்லூரி இருக்கிற மாவட்டத்தின் வழியாகப் போகும். வருமானச் சான்றுக்குக் காரைக்குடித் தாலுகா ஆபீசிலும், உதவித்தொகைக்குப் புதுக்கோட்டையிலும் போய் நின்று, இரண்டு இடத்திலும் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைக்கு அன்று நான் மோர் கொடுத்துத்தான் பேச வைத்தேன். சென்னை, கோவைக்குப் படிக்கப் போன நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இதே கணக்குதான்.

3. "அனுமதித்தாயிற்று என்று காட்டுகிறது, பணம் மட்டும் இல்லை"

இதுதான் மிக அதிகமாக வருகிற புகார். மேலே எல்லா மடையும் திறந்து தண்ணீர் வந்துவிட்டது, உங்கள் வாசலில் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ஆதார் இணைச்சாச்சும்மா, பேங்க்ல ஜெராக்ஸ் கொடுத்துட்டு வந்தேன்" என்பார்கள். இதில்தான் ஏமாற்றமே. வங்கியில் ஆதார் கொடுப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நீங்கள் யார் என்று வங்கி தெரிந்துகொள்வதற்காகக் கொடுப்பது. அது கேஒய்சி. மற்றது, அரசுப் பணம் இந்த ஆதார் எண்ணுக்கு வந்தால் இந்த வங்கிக்கு அனுப்பு என்று என்பிசிஐ என்ற தேசியப் பணப் பரிமாற்ற அமைப்பின் பட்டியலில் பதிவது. முதலாவதைச் செய்தால் இரண்டாவது தானாக நடந்துவிடாது. அதற்குச் சம்மதப் படிவம் ஒன்றைத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். கவுன்ட்டரில் "ஆதார் லிங்க்" என்று பொதுவாகச் சொல்லாமல், "டிபிடி வர்றதுக்கு என்பிசிஐ சீடிங் பண்ணணும்" என்று சொல்லுங்கள். டிபிடி என்றால் அரசுப் பணம் நேராக உங்கள் கணக்குக்கு வருவது, சீடிங் என்றால் அந்தப் பட்டியலில் பதிவது. கேட்பவருக்கு உடனே புரியும்.

பதிந்திருக்கிறதா என்று பார்க்க வங்கிக்குப் போக வேண்டியதில்லை. ஆதார் ஆணையத்தின் மைஆதார் தளத்தில் உங்கள் எண்ணையும் ஓடிபியையும் போட்டு உள்ளே போனால், வங்கி இணைப்பு நிலை என்ற பகுதி இருக்கும். அதில் வங்கியின் பெயர், இணைப்பு செயலில் இருக்கிறதா, எந்தத் தேதியில் பதிந்தது என்று காட்டும். கணக்கு எண் காட்டாது. அதனால் ஒரே வங்கியில் இரண்டு கணக்கு வைத்திருப்பவர்கள் மட்டும் கிளையில் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இந்தப் பட்டியலில் ஒரு ஆதாருக்கு ஒரு வங்கிதான். கடைசியாக எங்கே பதிந்தீர்களோ அதுதான் நிற்கும். நம் ஊரில் இது பெரிய தொல்லை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937இல் தொடங்கியபோது சென்னை, ரங்கூனோடு காரைக்குடியிலும் ஒரே நாளில் கிளை திறந்தது. அப்படி வங்கியோடு வளர்ந்த ஊர் இது. தெருவுக்கு ஒரு கிளை, வீட்டுக்கு நாலைந்து பாஸ்புக். பள்ளியில் படிக்கும்போது ஒரு கணக்கு, நூறு நாள் வேலைக்காக அம்மாவோடு போனபோது ஒன்று, கல்லூரி சொன்னதால் ஒன்று, கைப்பேசிச் செயலி வழியாகத் தெரியாமலே ஒன்று. விண்ணப்பத்தில் எழுதியது ஒரு கணக்கு, ஆதார் சுட்டுவது வேறொரு கணக்கு.

கோட்டையூரில் ஒரு பையன், எட்டு மாதமாகப் பணம் வரவில்லை என்று அழாத குறையாக வந்தான். மைஆதாரில் பார்த்தால், கைப்பேசி ரீசார்ஜ் செய்யும்போது கடைக்காரர் திறந்து கொடுத்த ஒரு பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கு. அந்தக் கணக்கு இருப்பதே அவனுக்குத் தெரியாது. உள்ளே பார்த்தால் பணம் முழுதாக இருந்தது. அன்றிலிருந்து நான் யாரிடமும் "வரவில்லையா?" என்று கேட்பதில்லை. "எந்த வங்கிக்குப் போயிருக்கும் என்று பார்த்தாயா?" என்றுதான் கேட்கிறேன்.

சரி, இணைப்பும் சரி, வங்கியும் சரி, அப்படியும் வரவில்லை என்றால் கணக்கின் உடம்பைப் பார்க்க வேண்டும்.

பள்ளியில் படிக்கும்போது அப்பத்தாவோ அம்மாவோ காப்பாளராக இருந்து திறந்த மைனர் கணக்காக இருக்கலாம். 18 வயது ஆனதும் நீங்கள் நேரில் போய்க் கையெழுத்து, புகைப்படம், ஆதார் கொடுத்து அதை உங்கள் பெயரில் மாற்ற வேண்டும். கல்லூரி முதலாண்டில் பாதிப் பிள்ளைகள் இந்த வயதைத்தான் தாண்டுகிறார்கள்.

ஆவணம் முழுதாகக் கொடுக்காமல் திறந்த சிறு கணக்காக இருக்கலாம். அதில் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, வருடத்துக்கு வரவு ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது, மாதத்துக்கு 10,000க்கு மேல் எடுக்கவும் முடியாது. பொறியியல் கட்டணத் தொகையை எடுக்கப் போகும்போது இந்த மாத வரம்பில் இடிக்கும். முழுக் கேஒய்சி கொடுத்தால் வரம்பு போய்விடும்.

இரண்டு வருடம் தொடாமல் கிடந்ததால் கணக்கு முடங்கியிருக்கலாம். உதவித்தொகைக்காகவும் அரசு உதவிக்காகவும் பூஜ்ய இருப்பில் திறந்த கணக்கை, இரண்டு வருடம் நடமாட்டம் இல்லை என்பதற்காக முடக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் உத்தரவு 2024 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. இதை மரியாதையாக மேலாளரிடம் சொல்லுங்கள். என் அண்ணன் மகளுக்கு வந்த 3,000 ரூபாயில் ஒரு வங்கிக் கிளை குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று ஒரு பகுதியைப் பிடித்துவிட்டது. விசாரித்தால், அவள் கணக்கைச் சாதாரண சேமிப்புக் கணக்காகத் திறந்திருந்தார்கள். திறக்கும் அன்றைக்கே அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்று கேட்டிருந்தால் அந்தப் பணம் அவள் கையில் இருந்திருக்கும். அது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

ஒரு வங்கி இன்னொரு வங்கியோடு இணைந்தபோது, கிளையைக் காட்டும் ஐஎஃப்எஸ்சி குறியீடு மாறிய கதையும் உண்டு. சிண்டிகேட் வங்கி 2020இல் கனராவோடு சேர்ந்தது, அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடு சேர்ந்தது. பழைய பாஸ்புக்கைப் பார்த்து விண்ணப்பத்தில் எழுதினால், கணக்கு எண் வழியாக வருகிற பணம் திரும்பிவிடும். ஆதார் வழியாக வருவதற்குக் குறியீடு தேவையில்லை.

திரும்பிய பணம் என்ன ஆகும்? அது துறைக்கே போய்ச் சேரும். நீங்கள் கணக்கைச் சரிசெய்த மறுநாளே வந்து விழாது. சரிசெய்ததைக் கல்லூரிப் பொறுப்பாளரிடம் சொல்லி, அடுத்த பட்டியலில் மறுபடி சேர்க்கச் சொல்ல வேண்டும். சரிசெய்துவிட்டு, சொல்லாமல் காத்திருந்து வருடத்தைத் தொலைத்தவர்கள் நிறைய.

கணக்கு இல்லாதவர்களுக்கும், உள்ள கணக்கெல்லாம் சிக்கலாகிப்போனவர்களுக்கும் என் முதல் யோசனை, அஞ்சலகப் பேமென்ட்ஸ் வங்கி. ஆதாரும் விரலும் இருந்தால் போதும், தபால்காரரே வீட்டுக்கு வந்து திறந்து கொடுப்பார், ஆதார் இணைப்பையும் அப்போதே கேட்டுச் செய்துகொள்ளலாம். உட்கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

4. "பாதிதான் வந்திருக்கிறது"

பதற வேண்டாம், யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பட்டியலின மாணவர்களின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் மாநிலத்தின் பங்கு 40 விழுக்காடு, ஒன்றிய அரசின் பங்கு 60 விழுக்காடு. 2021இல் விதியைத் திருத்திய பிறகு, மாநிலம் தன் பங்கை விடுவித்த பின்புதான் ஒன்றியப் பங்கு மாணவர் கணக்குக்குத் தனியாக வரும். இரண்டுக்கும் நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி விழலாம். பாஸ்புக்கில் வந்த தொகையை மொத்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 40 பங்கு வந்திருந்தால், வரவேண்டியது 60.

மொத்தம் எவ்வளவு என்பதிலும் குழப்பம் உண்டு. அதில் இரண்டு பகுதி இருக்கிறது. ஒன்று கல்லூரியின் கட்டாயக் கட்டணம், மற்றது பிள்ளையின் கைச்செலவுக்கான படிப்புப் படி. கலை, அறிவியல் பட்டப்படிப்புக்கு அந்தப் படி, வீட்டிலிருந்து போய்வருகிறவருக்கு வருடம் 3,000, விடுதியில் இருப்பவருக்கு 6,000. பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு 7,000, 13,500. தோழிக்கு அதிகம் வந்தது, எனக்குக் குறைவு என்று வருத்தப்படுமுன், அவள் எந்தப் படிப்பு, விடுதியா வீடா என்று கேளுங்கள்.

இங்கே ஒன்றை மனசு விட்டுச் சொல்ல வேண்டும். கட்டணப் பகுதியும் பிள்ளையின் கணக்குக்கே வரும்போது, அது வீட்டுப் பணமாகிவிடுகிறது. அடகில் இருக்கிற தோடு, தம்பியின் காய்ச்சல், கூரைக்கு ஓடு. யாரையும் குறை சொல்ல முடியாது. இருபதாயிரத்தை ஒன்றாகப் பார்த்திராத வீட்டில் அது கண்ணுக்குப் பெரிதாகத்தான் தெரியும். ஆனால் அது கல்லூரிக்குப் போக வேண்டிய பணம். செலவழித்துவிட்டால் கடைசி வருடத்தில் மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போகும்போது பாக்கி என்று நிற்கும். பணம் வந்த குறுஞ்செய்தி வந்ததும் கல்லூரி அலுவலகத்துக்குப் போய், எது கட்டணம், எது உங்களுடையது என்று எழுதி வாங்கி, கட்டணத்தை அன்றைக்கே கட்டி ரசீது வாங்கிவிடுங்கள். ஏற்கனவே செலவாகிவிட்டதா? ஒளியாமல் போய்ப் பேசுங்கள், தவணை கேளுங்கள். என் மேசைக்கு வந்து உண்மையைச் சொன்ன ஒரு பெற்றோரையும் நான் திருப்பி அனுப்பியதில்லை, பெரும்பாலான அலுவலகங்களில் அப்படி ஒருவராவது இருப்பார்.

5. "முதலில் கட்டு, அப்புறம் வந்தால் எடுத்துக்கொள் என்கிறார்கள்"

பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு உதவித்தொகையில் அடங்கும் கட்டணத்தை முன்பணமாகக் கேட்காமல் சேர்த்துக்கொள்வதற்காகவே ஒன்றிய விதியில் ஃப்ரீஷிப் கார்டு என்ற ஏற்பாடு இருக்கிறது. தமிழ்நாட்டிலும் சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் இந்த மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசு ஏற்பதற்கு 2012ஆம் ஆண்டின் அரசாணை 92 இருக்கிறது. கேட்பவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். "எந்தக் கட்டணம், எவ்வளவு, எந்தத் தலைப்பு என்று எழுத்தில் கொடுங்கள்" என்று கேளுங்கள். எழுத்து என்றதும் பாதிக் கட்டணங்கள் குறைந்துவிடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பஸ், சீருடை, உணவு இவையெல்லாம் கட்டாயக் கட்டணத்தில் சேராது, அவற்றை நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும்.

6. "எனக்கு உதவி உண்டு என்கிறார்கள், கணக்கில் ஒரு ரூபாய்கூட வரவில்லை"

முதல் பட்டதாரிச் சலுகையும், அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டின் கட்டணமும் உங்கள் கணக்குக்கு வரவே வராது. அரசு நேராகக் கல்லூரிக்குக் கொடுத்துவிடும். அவற்றைத் தேட வேண்டிய இடம் பாஸ்புக் அல்ல, கட்டண ரசீது. அதில் கழிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் பட்டதாரிச் சலுகை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேர்ந்தவர்களுக்குத்தான், நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கிடையாது. சாதியோ வருமானமோ பார்ப்பதில்லை. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். அண்ணன் ஏற்கனவே அதில் படித்துக்கொண்டிருந்தால் தங்கைக்குக் கிடையாது. 7.5 ஒதுக்கீட்டில் வந்தவர்களுக்கு 2021-22 முதல் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. விடுதிக் கட்டணம் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

7. "மாதா மாதம் வந்த 1,000 ரூபாய் நின்றுவிட்டது"

இந்த 1,000 ரூபாய், பெண்பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும் ஆண்பிள்ளைகளுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் வருவது. புதுமைப்பெண் 2022 செப்டம்பர் 5 அன்றும், தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்ட் 9 அன்றும் தொடங்கின. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு என்று தொடங்கிய திட்டம், பிறகு அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் நீண்டது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தனியாகக் கிடைக்கும்.

நின்றதற்கு முதல் காரணம், நடுவில் புதுக் கணக்கு திறந்து ஆதார் இணைப்பு மாறியிருப்பது. மேலே மூன்றாவதில் சொன்னபடி பாருங்கள். இரண்டாவது, அடுத்த வருடத்துக்கு நீங்கள் படித்துக்கொண்டிருப்பதைக் கல்லூரி தளத்தில் உறுதி செய்யாதது. கல்லூரி மாறியவர்களுக்குப் பழைய கல்லூரி விடுவித்து, புதிய கல்லூரி ஏற்க வேண்டும். பட்டம் முடித்து முதுகலை போனவர்களுக்கு நிற்பது சிக்கல் இல்லை, திட்டமே அவ்வளவுதான். அஞ்சல்வழியில் படிப்பவர்களுக்கும் கிடையாது.

8. "போன வருடம் வந்தது, இந்த வருடம் இல்லை"

புதுப்பிக்கவில்லை. பத்தில் ஏழெட்டுப் பேருக்குப் பதில் இவ்வளவுதான். ஒரு தடவை கொடுத்தால் மூன்று வருடத்துக்கும் ஓடும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஒன்றிய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகையைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் தகுதி இருந்தும் பலர் விண்ணப்பிப்பதே இல்லை. பிளஸ் டூவில் மேல்வரிசை 20 விழுக்காட்டுக்குள் வந்து, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் பட்டப்படிப்பில் வருடம் 12,000, முதுகலையில் 20,000. ஒவ்வொரு வருடமும் தேசியத் தளத்தில் புதுப்பிக்க வேண்டும். தேர்வில் 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகையும் வேண்டும். வருகையில்தான் நம் பிள்ளைகள் தவறுகிறார்கள். அறுப்புக் காலத்திலும், வீட்டில் கல்யாணம் காட்சி வந்தாலும் பத்துப் பத்து நாளாக நின்றுவிடுகிறார்கள். மாநில அரசின் உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ வாங்கிக்கொண்டே இதையும் வாங்க முடியாது. இரண்டையும் காகிதத்தில் எழுதி, எது அதிகம் என்று பார்த்து ஒன்றை முடிவு செய்யுங்கள். ஒன்றை மறைத்து இன்னொன்றையும் வாங்கினால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

9. "அறக்கட்டளை செக் பாஸாகவில்லை"

அழகப்பா கல்லூரி 1947இல் எழும்பிய மண் இது. பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுப்பதைத் தர்மமாக நினைக்கிற குடும்பங்களும் அறக்கட்டளைகளும் இன்றும் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அவர்கள் பெரும்பாலும் கல்லூரியின் பெயரிலேயே செக் எழுதுவார்கள். மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும், தாண்டினால் செல்லாது. பத்திரமாக இருக்கட்டும் என்று பீரோவில் சேலைக்கு நடுவில் வைத்து, நாலாவது மாதம் எடுத்துக்கொண்டு வந்த அம்மாவை எனக்குத் தெரியும். அப்படி ஆகிவிட்டால் பழைய செக்கோடு அறக்கட்டளை அலுவலகத்துக்கே போய்ச் சொல்லுங்கள். மாற்றி எழுதிக் கொடுப்பார்கள். கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். கல்லூரியின் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டு போனால் பெயர்ப் பிழையும் வராது.

10. "ஸ்காலர்ஷிப் ஆபீசிலிருந்து பேசுகிறோம் என்று ஃபோன் வந்தது"

வைத்துவிடுங்கள். எந்தத் துறையும் பணம் போடுவதற்கு ஓடிபி கேட்காது, முன்கட்டணம் கேட்காது, க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யச் சொல்லாது. ஏற்கனவே சொல்லிவிட்டீர்கள், பணம் போய்விட்டது என்றால் அந்த நிமிடமே இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.

11. "எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் வரவில்லை"

இப்போதுதான் சிவகங்கைக்குப் பஸ் ஏற வேண்டும். போகுமுன் ஒரு உறையில் இவற்றை வையுங்கள்: யுமிஸ் எண், விண்ணப்ப எண், நிலையைக் காட்டும் பக்கத்தின் பிரதி, மைஆதார் வங்கி இணைப்புப் பக்கம், பாஸ்புக்கின் முதல் பக்கமும் கடைசி ஆறு மாத வரவும், கல்லூரி கொடுத்த உறுதிச் சான்று. இந்த உறையைப் பார்த்ததும் எதிரில் இருப்பவருக்கு எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும், "போய் வங்கியில் கேளுங்க" என்று சொல்ல அவருக்கு வழியிருக்காது.

ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம். மனுவைக் கொடுத்ததும் மனு எண்ணோடு ரசீது வாங்காமல் நகராதீர்கள். போக முடியாதவர்கள் 1100க்கு அழைத்து முதல்வரின் முகவரித் துறையில் பதியலாம், அதற்கும் ஒரு எண் கிடைக்கும். வங்கியின் தவறு என்று தெரிந்தால் கிளையில் எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்கு 14448. கட்டணம் எதுவும் இல்லை.

மனுவில் நீளமாகக் கதை எழுத வேண்டாம். "என் விண்ணப்பம் இந்தத் தேதியில் அனுமதிக்கப்பட்டது. ஆதார் இந்த வங்கியில் இந்தத் தேதியிலிருந்து இணைந்துள்ளது. இன்றுவரை தொகை வரவில்லை. பணம் அனுப்பப்பட்டதா, திரும்பியதா என்று தெரிவிக்க வேண்டுகிறேன்." இந்த நாலு வரி போதும். கீழே கையெழுத்து, தேதி, ஆதாரில் இருக்கிற அதே கைப்பேசி எண். எழுதத் தயக்கமாக இருந்தால் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் திண்ணைக்கு வாருங்கள், பாஸ்புக்கைக் கொண்டுவர மறக்காதீர்கள்.